நாங்கள் அணைக்கச் சொன்ன தீ

சலவைக் கடை
ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

உன் மாமாவின் முதுகுவலியையும் குட்டியின் மூச்சிழுப்பையும் கழித்துவிட்டால் இங்கே எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம் கிடைத்ததும் உடம்பு வைத்திருப்பாய் என்று பார்த்தால், போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தாய். விடுதி போனில் நான் பேசினால் வராந்தா முழுக்கக் கேட்கிறது என்று மானம் போனவன் மாதிரி சொன்னாயே, அதனால்தான் கடிதத்துக்கு மாறிவிட்டேன். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது.

செய்தி என்னவென்றால், உன் அக்கா ஊர் நலக் குழுவுக்குத் தலைவி ஆகிவிட்டாள். சிரிக்காதே. புதிய எண்ணெய்ச் சட்டப்படி, கம்பெனி தன் செலவில் ஒரு பங்கை எண்ணெய் எடுக்கிற ஊருக்கு ஒதுக்க வேண்டுமாம். அதை என்ன செய்வதென்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்யலாமாம். முப்பது வருஷமாக நம் காலடியிலிருந்து எண்ணெய் போகிறது. நமக்கு என்று வந்தது இரவும் பகலும் எரிகிற அந்தத் தீக்கம்பத்தின் கரி மட்டும்தான்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி வந்திருந்தார். ஒருத்தர் ரோடு கேட்டார், இன்னொருத்தர் தண்ணீர் மோட்டார் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், நீங்க போட்டிருக்கிற சட்டை எங்க கடையில வெளுத்தது. மூணு தடவை அலசினேன். ரெண்டு தடவை உங்க அழுக்குக்கு, மூணாவது தடவை உங்க தீக்கம்பத்துக் கரிக்கு. எங்களுக்கு ரோடெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தத் தீயை அணைங்க."

ஹாலே சிரித்தது. அப்புறம் கைதட்டியது. அப்படியே என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.

வானொலி உன்னை விசாரித்தாள். பாட்டும் பேச்சுமாக உன் மாமாவின் தங்கைக்கு வாய் ஓயாது, ஊரே அந்தப் பட்டப்பெயர் வைத்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. "உங்க தம்பி குழுவுக்கு ஏதாவது யோசனை சொன்னாரா, அண்ணி?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள். "யோசனை குழுவுக்கா, உனக்கா?" என்றேன். நீலம் போட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


இரண்டாம் வாயு நிலையம், ஊழியர் விடுதி
பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மாமாவின் முதுகுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், குட்டிக்கு வண்ணப் பென்சில். கன்னம் ஒட்டியதற்குக் காரணம் கேன்டீன்தான், கவலைப்படாதே.

தலைவியானதில் எனக்குப் பெருமை. அறைக்காரர்களிடம் சொன்னேன். "அக்கா குரலுக்கு மைக் செலவு மிச்சம்" என்றார்கள்.

தீ விஷயம் மட்டும் கொஞ்சம் பொறுமை. எண்ணெயோடு சேர்ந்து வாயுவும் மேலே வருகிறது. அதைத்தான் அந்தக் கம்பத்தில் எரிக்கிறார்கள். தீயை அணைக்க வேண்டுமானால் அந்த வாயுவைக் குழாய் வழியாக எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் போட்டாகிவிட்டது. ஆனால் வாயுவை இவ்வளவு தூரம் தள்ளிவிடுகிற பெரிய கம்ப்ரசர் இன்னும் கப்பலிலிருந்தே இறங்கவில்லை. ஒரு வருஷமாவது ஆகும். அவசரப்படுத்தாதே.

எனக்கு ஜூனில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் நாற்காலிக்கு எதிரே இருக்கிற திரையில் எந்த ஊரிலிருந்து எவ்வளவு வாயு வருகிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பேரும் அதில் ஒரு வரி. இப்போதைக்குப் பூஜ்யம். ஆனாலும் அந்த வரியைப் பார்த்தால் வீட்டு வாசலைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

வானொலியை விசாரித்ததாகச் சொல். அதற்குமேல் நீயாக எதையும் சேர்த்துச் சொல்லிவிடாதே.

தம்பி


சலவைக் கடை
மார்ச் 5

என் அருமைத் தம்பிக்கு,

உன் தைலம் மாமாவுக்குக் கேட்கிறது. பென்சில்கள் சுவரெல்லாம் ஓடிவிட்டன. எல்லோரும் நலம், நலத்துக்கு மேலே நலம்!

தீயை அணைத்துவிட்டார்கள்!

நீ ஒரு வருஷம் என்றாய். ஒரு மாசம்கூட ஆகவில்லை. போன வாரம் கம்பெனி வண்டிகள் வரிசையாக வந்தன. போட்டோக்காரர்கள் வந்தார்கள். என்னைக் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதிகாரி என் காதோரம் குனிந்து, "அம்மா கேட்டீங்க, நாங்க கொடுத்துட்டோம்" என்றார். உள்ளே யாரோ எதையோ திருகியிருப்பார்கள் போல. அவ்வளவு பெரிய தீ விக்கலெடுத்த மாதிரி இரண்டு தடவை எழும்பி அப்படியே இல்லாமல் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். யாருமே கைதட்டவில்லை. எல்லோரும் திகைத்துப்போய் நின்றோம். அந்த இரைச்சல் நின்றுவிட்டதே! நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம். நாய் நகத்தால் தரையைக் கீறுவது கேட்டது. அடுத்த வீட்டு மீன்காரர் பெண்டாட்டியிடம் வழக்கம்போலக் கத்தி ஏதோ சொன்னார், அது தெருமுனை வரைக்கும் போயிற்று, அவரே பயந்துவிட்டார். நம் ஊர்க்காரர்கள் ஏன் எல்லோரும் கத்திப் பேசுகிறோம் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. இனி என் குரலும் அடங்கும், உன் மானமும் பிழைக்கும்.

கொடியில் போட்ட விரிப்பு போட்ட மாதிரியே வெள்ளையாக வருகிறது. குட்டிக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. இதையே பிடித்துக்கொண்டு ரோடு, மோட்டார் எல்லாம் வாங்கிவிடலாம் என்று குழுவில் எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. நாம் துவைக்கிற கீழ்த்தொட்டி கம்பெனி வேலிக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கிறது அல்லவா, அங்கே சாக்கடைப் பக்கத்திலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது. துவைத்துவிட்டு வந்தால் தலைவலிக்கிறது என்கிறாள் வானொலி. அதிகாரியிடம் கேட்டேன். "சாக்கடைம்மா, வெயில் காலம் வருதில்ல" என்றார்.

எங்கே உன் பாராட்டு? உடனே எழுது.

உன் அக்கா


ஊழியர் விடுதி
ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

குட்டியைக் கொஞ்ச நாளைக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா? மாற்று இடம் இழுப்புக்கு நல்லது.

வானொலியிடம் சொல், விடியற்காலையில் கீழ்த்தொட்டிக்குப் போக வேண்டாம். வெயில் ஏறி, காற்று நன்றாக வீசத் தொடங்கியபின் போகட்டும். முடிந்தால் மேட்டிலேயே தண்ணீர் பிடித்துத் துவைக்கட்டும். தலைவலி அதிகமானால் அன்றைக்குப் போகவே வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம்.

அந்த வாடை இன்னும் வருகிறதா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


சலவைக் கடை
ஏப்ரல் 20

அன்பில் உருகும் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் கண்டு அதிசயப்பட்டோம். ஊரே கொண்டாடுகிற தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு கடிதம் முழுக்க ஒருத்தி எந்த நேரத்தில் துவைக்க வேண்டும், எங்கே துவைக்க வேண்டும், யாரோடு போக வேண்டும் என்றே இருக்கிறது! இருபது வருஷமாக நானும் துவைக்கிறேன், என் தலைவலியை யாரும் கேட்டதில்லை. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை வழிக்கு வந்துட்டான் போல" என்று சிரித்தார். ஜூனில் வேலை நிரந்தரமானதும் பேசி முடித்துவிடலாம் என்கிறார்.

அவளிடமும் சொன்னேன். "விடியக்காலையில போகாதேன்னு எழுதியிருக்கான்டீ." முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "வெயில்ல துவைச்சா கறுத்துடுவேன். கறுத்தா உங்க தம்பிதான் வேண்டாம்பாரு. நான் இன்னும் சீக்கிரமாவே போய்ட்டு வந்துடறேன், அண்ணி" என்றாள். கம்பெனி விருந்தினர் விடுதி விரிப்புகளைக் காலையிலேயே கொடுத்தாக வேண்டும். மேட்டில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் வரட்டும், அப்புறம் உன் சொற்படி நடக்கலாம்.

குட்டியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கும் லீவுதான்.

வாடையைக் கேட்டிருந்தாயே. நிம்மதியாக இரு. முதலில் மூக்கைத் துளைத்தது. இப்போது தொட்டிக்குப் போனதும் கொஞ்ச நேரம் அடிக்கிறதாம், அப்புறம் சுத்தமாக இல்லையாம். "பழகிப்போச்சு அண்ணி" என்கிறாள்.

உன் அக்கா


சலவைக் கடை
ஏப்ரல் 29

தம்பி,

வானொலி போய்விட்டாள்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், படித்துப் பார்க்கிறேன், யாரையோ பற்றிப் போல இருக்கிறது. நேற்று விடியற்காலையில் தொட்டிக்குப் போனாள். மாமா வண்டி கட்டிக்கொண்டு விரிப்புகளை ஏற்றப் போனார். "பாட்டுச் சத்தம் வரலையேன்னு நெனச்சேன்" என்கிறார். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாளாம். பக்கத்தில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தனவாம். தண்ணீரில் குருவிகள் மிதந்தனவாம். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேட்டிலிருந்து பார்த்த மீன்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேரையும் இழுத்து வந்தார். மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

அவள் பிழைக்கவில்லை.

உன் நிலையத்துக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து, "டியூட்டியில இருக்கார், தகவல் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். சொன்னார்களா? நீ வரவில்லையே.

ஒரு காயம் இல்லை தம்பி. ஒரு கீறல் இல்லை. நல்லாத்தானே இருந்தாள்? முந்தின நாள் என்னோடு சோப்புக்குச் சண்டை போட்டாளே.

விரிப்புகள் இன்னும் தொட்டியிலேயே கிடக்கின்றன. எடுக்க யாரும் போகவில்லை.

அக்கா


ஊழியர் விடுதி
ஏப்ரல் 29

அக்கா,

நீ இருபதாம் தேதி எழுதிய கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. உடனே கடை நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எங்கே போயிருக்கிறீர்கள் எல்லோரும்? நம் ஊர்ப்பக்கம் வருகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவளைத் தடுத்துவிடு.

கீழ்த்தொட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. அவள் மட்டுமல்ல, யாருமே. வாடை இல்லை என்று எழுதியிருக்கிறாய். வாடை அடிக்கிற வரைக்கும்தான் அக்கா மூக்கு நம்மைக் காப்பாற்றும். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், ஒன்றுமே தெரியாது. அடித்த வாடை நின்றுபோனால் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். காற்று அசையாத விடியற்காலையில் இன்னும் மோசம்.

இதை நான் முன்பே விவரமாக எழுதியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாற்று ஆள் வந்ததும் கிளம்பிவிடுகிறேன். நேரில் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவளிடமும் ஒன்று கேட்க வேண்டும். நீ முந்திக்கொண்டு கேட்டுவிடாதே. நானே கேட்கிறேன். கறுத்தால் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வை.

தம்பி


சலவைக் கடை
மே 14

தம்பி,

மாமா வீடு திரும்பிவிட்டார். இருமல் இருக்கிறது.

லாரிக்காரர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. நான் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். "யாருகிட்டேர்ந்து?" என்று, காரியத்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்த மாமா கேட்டார். "தம்பிதான், வர்றானாம்" என்றேன்.

நீ சனிக்கிழமை வந்தாய். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுப்பவர் சொன்னார். இறங்கினானாம், டீக்கடையில் யாரிடமோ ஏதோ கேட்டானாம், கேட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். திரும்பிப் போகிற வண்டியிலேயே ஏறிவிட்டானாம். நாங்கள் அங்கிருந்து எத்தனை தெரு தள்ளியிருக்கிறோம்?

கம்பெனி அதிகாரி வந்தார், கையில் ஒரு உறையோடு. "அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கும்மா. டாக்டரே சொல்றார்" என்றார். என் நாத்தனார் ஈர விரிப்புகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு மேட்டில் பாடிக்கொண்டே ஏறுவாள். அவளுக்கா இதயக் கோளாறு? உறையை அவர் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தேன். வைத்த வேகத்தில் பட்டன் அறுந்துவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து ஏப்ரல் மாசத்துக் கடிதத்தை எடுத்தேன். குட்டியை அனுப்பு. காலையில் போகாதே. தனியாகப் போகாதே. வாடை வருகிறதா. அதை நான் ஊர் கேட்கப் படித்தேன்டா. ஆசை என்று நினைத்துப் படித்தேன். அவளை வைத்துக் கேலி செய்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்போதே உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


வாடகை அறை, நகரம்
ஜூன் 25

அக்காவுக்கு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

தீயை அணைத்தார்கள் என்று நீ எழுதியபோது என் திரையில் நம் ஊர் வரி பூஜ்யமாகவே இருந்தது. கம்பத்திலும் எரியவில்லை, எங்களுக்கும் வரவில்லை. அப்படியானால் வாயு எங்கே போகிறது? மேலதிகாரியிடம் கேட்டேன். "உன் வேலை வர்றதை அளக்கிறது. வராததைப் பத்தி உனக்கென்ன?" என்றார். புதிய சட்டப்படி தீ எரிகிற ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. வானத்திலிருந்து செயற்கைக்கோள் கேமரா தீயைப் பார்த்துவிடும். எரியாத வாயுவை அந்தக் கேமரா பார்க்காது. அதனால் வேலிக்குப் பின்னால், சாக்கடையோரத்தில் இருக்கிற தாழ்ந்த குழாய் வழியாக எரிக்காமலே விட்டார்கள். நீ கேட்டதால் அணைத்தோம் என்று உன்னைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

கம்ப்ரசர் வந்துவிடும், சில வாரம்தான் என்றார்கள். நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது. நிலையத்துக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்ற பயம் வேறு. ஜூன் வரட்டும் என்று நினைத்தேன். எச்சரித்த மாதிரியும் இருக்க வேண்டும், எச்சரிக்காத மாதிரியும் இருக்க வேண்டும் என்று ஏப்ரல் கடிதத்தை நாலு தடவை கிழித்து எழுதினேன்.

ஜூன் முதல் தேதி வேலையை நிரந்தரமாக்கினார்கள். அன்றே விட்டுவிட்டேன்.

நீ குழுத் தலைவி. எண்ணெய் ஆணையத்திடம் ஊர்க் குழு விசாரணை கேட்டால் அவர்கள் வந்தே ஆக வேண்டும், சட்டத்தில் இருக்கிறது. கேள். என்னைச் சாட்சியாகப் போடு. மாமாவுக்கு முன்னால் நின்று சொல்கிறேன்.

தம்பி


சலவைக் கடை
ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

விசாரணை முடிந்து நீ பின்வாசல் வழியாகப் போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஹாலில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அந்த விசாரணை அதிகாரி அம்மாள் உன்னிடம் கேட்ட கடைசிக் கேள்வியிலேயே ஊர் உறைந்துபோயிருந்தது. "வேற யாருக்காவது இது தெரியுமா?" என்று கேட்டாரே. நீ என் பேரைச் சொல்லாமல் நின்றாய். நான்தான் எழுந்தேன். "எனக்குத் தெரியும். மே மாசத்துலேர்ந்தே சந்தேகம். ஜூன்ல நிச்சயமாயிடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமா வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, கடையிலிருந்த துணியெல்லாம் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். அப்புறம் கேட்டார், "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"அவனும் இப்படித்தான் ஏதாவது நெனச்சிருப்பான்" என்றார். மறுபடி இஸ்திரிப் பெட்டியைக் கையிலெடுத்தார். அன்றிலிருந்து உன்மேல் முழுசாகக் கோபப்பட என்னால் முடியவில்லை.

ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டது. தாழ்குழாயை அடைத்துச் சீல் வைத்தார்கள். மேலதிகாரிகள் இரண்டு பேர்மேல் வழக்கு. கம்ப்ரசர் ஓடத் தொடங்குகிற வரைக்கும் வாயுவை எரித்தே ஆக வேண்டும், அதுவரை அபராதமும் கட்ட வேண்டும். அதற்கு ஊர்க் குழுவின் சம்மதம் வேண்டுமென்று என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். தீயை அணைக்கச் சொன்ன அதே ஹாலில் நின்று, தீயைக் கொளுத்துங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுபடி எரிகிறது. இரைச்சலும் வந்துவிட்டது. கொடியில் கரி விழுகிறது. மூன்றாவது தடவை அலசும்போது, இது கண்ணுக்குத் தெரிகிற அழுக்குத்தானே என்று இருக்கிறது.

இன்னொன்று. வேலிக்குள்ளே ஊர்க் குழுவின் சார்பில் ஒரு ஆள் உட்கார்ந்து வாயு மீட்டரைப் பார்க்கலாம், சம்பளம் ஊர்ப் பங்கிலிருந்து, என்று உத்தரவில் இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை. கூட்டத்தில் நான் உன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தது வேறு ஆள். அவரே உனக்கு எழுதுகிறேன் என்றார். காகிதம் கொடுத்திருக்கிறேன்.

குட்டி வந்துவிட்டாள். இழுப்பு திரும்பிவிட்டது.

அக்கா


சலவைக் கடை
ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்காதான் எப்போதும் எழுதுவாள். இதை அவள் படிக்கவில்லை.

நான் அன்றைக்குப் பள்ளத்தில் இறங்கியபோது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்திருப்பேனோ என்று தினமும் நினைக்கிறேன். அதற்குள் அவள் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. உன்னையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று நினைத்துக்கொண்டு வராதே.

கூட்டத்தில் உன் பேரைச் சொன்னது நான்தான். பலருக்குப் பிடிக்கவில்லை. மீன்காரர் அடிக்கவே வந்தார். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவன்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், வெளியூர்க்காரனைப் போட்டால் அவனும் ஜூன் மாசத்துக்காகக் காத்திருப்பான் என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மீன்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் உனக்கு இடம் இல்லை. கடைக்குப் பின்னால் சோப்பு மூட்டை வைக்கிற அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறேன். சாப்பாடு உன் அக்கா கொடுத்தனுப்புவாள். என்னிடம் வந்து பேசாதே. தெருவில் பார்த்தாலும் நின்று விசாரிக்காதே.

ஆனால் மீட்டரில் முள் கொஞ்சம் ஏறினாலும் முதலில் என்னிடம் வா. உனக்கு நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் காத்திருக்காதே. நான் தூங்கினால் உதைத்து எழுப்பு. நான் என்ன திட்டினாலும் சொல்லி முடித்துவிட்டுப் போ.

வேலை திங்கட்கிழமை ஆரம்பம்.

உன் மாமா